சாதனைத் தொகைக்குப் போனவர் ஏன் ஆடவில்லை? இரான்குண்டாவும் ஆஸ்திரேலிய இளம் வீரர்களின் ஐரோப்பியப் பாதையும்

2023 நவம்பரில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு யுனைடெட் அணியில் ஆடிக்கொண்டிருந்த 17 வயது நெஸ்டரி இரான்குண்டாவை வாங்கியிருக்கிறோம், அடுத்த ஜூலையில் வந்து சேருவார் என்பதுதான் செய்தி. ஆஸ்திரேலியாவின் ஏ-லீக்கிலிருந்து ஒரு வீரர் இவ்வளவு பெரிய தொகைக்குப் போனதே இல்லை என்று அந்நாட்டு ஊடகங்கள் கொண்டாடின. தான்சானியாவின் அகதி முகாமில் பிறந்த பையன் உலகின் மிகப் பெரிய கிளப்புகளில் ஒன்றுக்குப் போகிறான் என்றால் கொண்டாடாமல் இருப்பார்களா?

2025 ஜூலையில் அதே இரான்குண்டா இங்கிலாந்தின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் வாட்ஃபோர்டுக்கு மாறினார். இடைப்பட்ட ஓராண்டில் பேயர்னின் முதல் அணிக்காக அவர் ஆடிய போட்டி ஆட்டங்களின் எண்ணிக்கை பூஜ்யம்.

‘பையன் தோத்துட்டான்’ என்று சிலர் சொன்னார்கள். ‘வயசு இருக்கு, பார்க்கலாம்’ என்றார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பும் வீரரையே பார்க்கின்றன. ஆனால் இதே கதை ஆஸ்திரேலியாவில் 2018-லும் நடந்தது, 2022-லும் நடந்தது. மூன்று பேருக்கு ஒரே மாதிரி நடந்தால், வீரரை விட்டுவிட்டு அவர் போன வழியைத்தான் பார்க்க வேண்டும்.

யார் இந்த இரான்குண்டா?

பெற்றோர் புருண்டி நாட்டவர்கள். உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி தான்சானியாவுக்குப் போனவர்கள். கிகோமா பகுதியில் உள்ள அகதி முகாமில் 2006 பிப்ரவரியில் நெஸ்டரி பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பத்துக்கு ஆஸ்திரேலியாவில் இடம் கிடைத்தது. முதலில் பெர்த், பிறகு அடிலெய்டு. அடிலெய்டு கிரோயேஷியா ரைடர்ஸ் என்ற உள்ளூர் கிளப்பில் ஆடிவிட்டு அடிலெய்டு யுனைடெட்டின் இளையோர் அணிக்கு வந்தார். கிளப்பின் பெயரைக் கவனிக்கலாம். ஆஸ்திரேலியக் கால்பந்தை வளர்த்ததே இப்படி கிரோயேஷியர்கள், கிரேக்கர்கள், இத்தாலியர்கள் என்று கப்பலேறி வந்து குடியேறியவர்கள் தொடங்கிய கிளப்புகள்தான். அடுத்த அலையில் வந்தவர்களின் பிள்ளைகள் இப்போது அதே மைதானங்களில் ஆடுகிறார்கள்.

2022 தொடக்கத்தில், 15 வயதிலேயே ஏ-லீக்கில் இறங்கினார். அதே சீசனில் நியூகாசில் ஜெட்ஸ் அணிக்கு எதிராக அவர் ஃப்ரீ கிக்கில் அடித்த கோல் பேசப்பட்டது. அவர் காலிலிருந்து கிளம்பும் பந்தின் வேகம் அப்படி. மெல்ல மெல்லத்தான் முழு ஆட்டம் கிடைத்தது. நடுவில் ஒழுங்குப் பிரச்சினை என்று பயிற்சியாளர் வெளியே உட்கார வைத்ததும் உண்டு. 2024-ல் வெஸ்டர்ன் யுனைடெட் அணிக்கு எதிராக ஹாட்ரிக். அந்த ஜூனில் தேசிய அணியில் வங்கதேசத்துக்கு எதிராக அறிமுகம், அடுத்த ஆட்டத்தில் பாலஸ்தீனத்துக்கு எதிராக முதல் கோல். அப்போது வயது 18. அதற்கு அடுத்த மாதம் விமானம் ஏறினார்.

பேயர்னில் என்ன நடந்தது?

ஒப்பந்தம் கையெழுத்தானபோது பேயர்னின் பயிற்சியாளர் தாமஸ் டூகல். இரான்குண்டா போய்ச் சேர்ந்தபோது அவர் அங்கே இல்லை. வின்சென்ட் கொம்பனி வந்திருந்தார். இரான்குண்டா ஆடுவது விங்கில். அந்த இடத்துக்கு ஏற்கெனவே லெராய் சானே, செர்ஜ் நாப்ரி, கிங்ஸ்லி கோமான் என்று மூன்று சர்வதேச வீரர்கள் இருந்தார்கள். போதாததற்கு அதே கோடையில் கிரிஸ்டல் பேலஸிலிருந்து மைக்கேல் ஒலிசேவையும் பேயர்ன் வாங்கியது. சாம்பியன்ஸ் லீக் கோப்பைக்குப் போட்டி போடும் அணியில், நான்கு பேரைத் தாண்டி 18 வயதுப் புதியவருக்கு இடம் கொடுக்க எந்தப் பயிற்சியாளருக்கும் காரணம் இருந்திருக்காது.

ஆகவே சீசன் தொடங்கும் முன் நடக்கும் நட்பு ஆட்டங்களில் தலைகாட்டியதோடு சரி. அதன்பின் அவர் ஆடியது பேயர்னின் இரண்டாம் அணியில். அந்த அணி இருப்பது ஜெர்மனியின் நான்காம் நிலை லீக்கில். அடிலெய்டின் ஹிண்ட்மார்ஷ் மைதானத்தில் தன் பெயரைக் கத்தும் கூட்டத்துக்கு முன்னால், நாட்டின் முதல் நிலை லீக்கில் வாரந்தோறும் ஆடிக்கொண்டிருந்தவர், ‘மேலே’ போன பிறகு ஆடியது நான்காம் நிலையில். வீட்டுக்கு போன் போடலாம் என்றால் குளிர்காலத்தில் மியூனிக்குக்கும் அடிலெய்டுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். இங்கே பயிற்சி முடியும் நேரத்தில் அங்கே அம்மா தூங்கப் போயிருப்பார்.

2025 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் கிராஸ்ஹாப்பர் அணிக்கு லோனில் அனுப்பினார்கள். ஏன் கிராஸ்ஹாப்பர்? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் எஃப்சி கிளப்பும் பேயர்னும் சேர்ந்து இளம் வீரர்களைத் தேடி வளர்ப்பதற்காக 2023-ல் ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. அந்த லாஸ் ஏஞ்சலஸ் கிளப்தான் 2024 தொடக்கத்தில் கிராஸ்ஹாப்பரை வாங்கியது. கூட்டாளி வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள் என்று சொல்லலாம். ஆனால் அந்தக் கூட்டாளி வீட்டில் அப்போது கூரையே ஆடிக்கொண்டிருந்தது. லீக்கிலிருந்து கீழிறங்கும் ஆபத்தில் இருந்த அணி அது. கடைசியில் பிளே-ஆஃப் ஆடித்தான் தப்பியது. ஒவ்வொரு புள்ளிக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடும் அணி, இன்னொரு கிளப்பின் பையனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நேரம் ஒதுக்குமா?

இதற்குள் ஆஸ்திரேலிய தேசிய அணியிலும் பயிற்சியாளர் மாறிவிட்டார். கிரகாம் ஆர்னால்ட் போய் டோனி போபோவிச் வந்தார். இரான்குண்டா பல மாதங்கள் அந்த அணிக்கும் வெளியே இருந்தார்.

யாருக்கு அந்தத் தொகை பெரிது?

விஷயம் இங்கேதான் இருக்கிறது. பேயர்ன் கொடுத்த தொகை அடிலெய்டுக்கும் ஏ-லீக்குக்கும் சாதனை. பேயர்னுக்கு? ஒரு நட்சத்திர வீரருக்கு பத்து கோடி யூரோ வரை கொடுக்கும் கிளப் அது; 2023-ல் ஹாரி கேனுக்கு அந்த அளவில்தான் கொடுத்தது. அந்தக் கணக்கில் இரான்குண்டாவுக்குப் போனது சில்லறைக் காசு. விலை அதிகம் கொடுத்த பொருளை யாரும் பரணில் போட்டு வைப்பதில்லை. சில்லறைக்கு வாங்கியதைப் போடலாம், மறந்தும் போகலாம். பெரிய கிளப்புகள் ஆண்டுதோறும் உலகம் முழுக்க இப்படிப் பல இளம் வீரர்களை வாங்குகின்றன. பத்தில் ஒருவர் தேறினால் போதும், மீதி ஒன்பது பேருக்கான செலவும் திரும்பிவிடும். கிளப்புக்குப் பத்துச் சீட்டு. ஆனால் வீரருக்கு இருப்பது ஒரே ஒரு பதினெட்டு வயது.

இந்தக் கணக்கைச் சரிபார்க்க அதே 2023-லேயே இன்னொரு உதாரணம் கிடைக்கிறது. மெல்போர்ன் சிட்டியின் இடது பின்கள வீரர் ஜோர்டன் போஸ் அந்த ஆண்டு பெல்ஜியத்தின் வெஸ்டர்லோ கிளப்புக்குப் போனார். அவருக்குக் கிடைத்த தொகையும் அன்றைக்கு ஏ-லீக்கின் சாதனை என்றே செய்திகள் சொல்லின. சில மாதங்களில் இரான்குண்டா அதை முறியடித்தார். வெஸ்டர்லோ ஒரு சிறிய ஊரின் கிளப். வெளியே பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. ஆனால் அந்தத் தொகை அவர்களுக்குக் கைகடிக்கும் தொகை. கொடுத்த காசை எடுக்க வேண்டும் என்றால் போஸை ஆட வைத்தாக வேண்டும், வளர்த்தாக வேண்டும், நல்ல விலைக்கு விற்றாக வேண்டும். போஸ் தொடர்ந்து ஆடினார். இரண்டு சீசன் கழித்து 2025-ல் நெதர்லாந்தின் ஃபேயனூர்டு அவரை வாங்கியது.

ஒரே ஆண்டு, ஒரே லீக், இரண்டு சாதனைத் தொகைகள். ஒருவர் ஆடினார், ஒருவர் காத்திருந்தார். வயதிலும் வித்தியாசம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை: போஸ் போகும்போது 20 வயது, ஏ-லீக்கில் அவர் இடம் உறுதியாகியிருந்தது. ஆனாலும் திறமையை வைத்து மட்டும் இந்த இடைவெளியை விளக்கிவிட முடியாது.

முன்னால் போனவர்களையும் பாருங்கள். 2018 உலகக்கோப்பையில் ஆடவந்த எல்லா நாட்டு வீரர்களிலும் வயதில் சிறியவர் ஆஸ்திரேலியாவின் டேனியல் அர்சானி. ஈரானில் பிறந்து சிட்னியில் வளர்ந்தவர். அந்த ஆண்டே மான்செஸ்டர் சிட்டி வாங்கி, உடனே ஸ்காட்லாந்தின் செல்டிக் அணிக்கு லோனில் அனுப்பியது. அங்கே முதல் ஆட்டத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்தது. காயத்துக்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் குணமான பிறகு நாடு நாடாக லோனில் சுற்றியவர், மான்செஸ்டர் சிட்டிக்காக ஒரு போட்டி ஆட்டம்கூட ஆடாமல் கடைசியில் ஏ-லீக்குக்கே திரும்பித் தன் ஆட்டத்தை மீட்டெடுத்தார்.

அடுத்து கராங் குவோல். தெற்கு சூடான் பெற்றோருக்கு எகிப்தில் பிறந்து, விக்டோரியா மாநிலத்தின் ஷெப்பர்ட்டன் என்ற பழத்தோட்ட ஊரில் வளர்ந்தவர். சென்ட்ரல் கோஸ்ட் மரைனர்ஸ் அணிக்குப் பெரும்பாலும் மாற்று வீரராக இறங்கிக்கொண்டிருந்தபோதே, 2022-ல் இங்கிலாந்தின் நியூகாசில் யுனைடெட் கொத்திக்கொண்டு போனது. அந்த ஆண்டு கத்தார் உலகக்கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக, கடைசி விநாடிகளில் அவர் அடித்த பந்தை எமிலியானோ மார்ட்டினெஸ் தடுக்காமல் இருந்திருந்தால், மெஸ்ஸியின் அணி கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். 1958-ல் பெலே ஆடியதற்குப் பிறகு உலகக்கோப்பை நாக்-அவுட் ஆட்டத்தில் இறங்கிய மிக இளைய வீரர் அன்று அவர்தான். அப்படிப்பட்டவர் ஹார்ட்ஸ், வோலண்டாம் என்று லோனில் போனார். வோலண்டாம் அந்த சீசனில் டச்சு முதல் லீக்கிலிருந்தே கீழிறங்கியது. 2025-ல் செக் நாட்டின் ஸ்பார்ட்டா பிராகுக்கு மாறினார்.

மூவருக்கும் பொதுவாக இருப்பது: வாங்கிய கிளப் மிகப் பெரியது, அந்தக் கிளப்புக்கு அந்தத் தொகை மிகச் சிறியது, லோனில் போன இடங்களில் அவர்கள் யாருடைய சொத்தும் அல்ல.

அப்படியென்றால் ஏன் போகிறார்கள்?

வேறு வழி குறைவு என்பதால்தான். முதலில் விற்பவரின் நிலைமை. ஆஸ்திரேலியாவில் ‘ஃபுட்பால்’ என்றால் மெல்போர்ன்காரர் முட்டைப் பந்தோடு ஆடும் ஆஸ்திரேலியன் ரூல்ஸைச் சொல்வார், சிட்னிக்காரர் ரக்பி லீகைச் சொல்வார். கோடையில் கிரிக்கெட். சிறுவர்கள் ஏராளமாக ஆடும் விளையாட்டு கால்பந்துதான். ஆனால் தொலைக்காட்சிப் பணம் வேறு பக்கம் போகிறது. 2024 தொடக்கத்தில் ஏ-லீக்கை நடத்தும் அமைப்பு தன் ஊழியர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. 2024-25 சீசனுக்குக் கிளப்புகளுக்குத் தரும் ஆண்டுப் பங்கை 5,30,000 ஆஸ்திரேலிய டாலராக வெட்டியது. வீரர்களுக்கான சம்பளச் செலவு அதைப்போல் பல மடங்கு. துண்டு விழும் தொகையை எங்கிருந்து கொண்டு வருவது? பணக்கார உரிமையாளர் போடணும், இல்லேன்னா ஒரு பையனை விற்கணும். இன்னொரு சீசன் இங்கேயே ஆடட்டும் என்று காத்திருந்தால் பையன் முதிர்வான், விலையும் கூடலாம். ஆனால் இந்த மாதச் சம்பளம் அதுவரை காத்திருக்காது.

அடுத்தது சட்டம். 18 வயது நிரம்பாத வீரர் நாடு விட்டு நாடு மாறுவதை ஃபிஃபா 2001-லிருந்து தடுத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளே மட்டும் 16 வயதிலிருந்து மாறலாம். பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்தாலும் விதிவிலக்கு. சிறுவர்களைக் கூட்டிப்போய் நடுத்தெருவில் விடும் இடைத்தரகர்களைத் தடுக்க வந்த நல்ல விதி இது. இரான்குண்டா 17-ல் கையெழுத்துப் போட்டும் 18 முடிந்தே மியூனிக் போனதற்கு இதுதான் காரணம். இதன் பக்கவிளைவு ஒன்று உண்டு. ஒரு போர்ச்சுகல் பையன் 16 வயதிலேயே ஜெர்மன் அகாடமியில் சேர்ந்து மொழி, ஆட்டமுறை எல்லாம் பழகிவிடுகிறான். ஆஸ்திரேலியப் பையன் 18-ல் நேராகப் பெரியவர்களின் போட்டிக்குள் விழுகிறான்.

பழைய தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஹாரி கியூவெல் பதின்ம வயதிலேயே லீட்ஸ் யுனைடெட்டின் இளையோர் அணிக்குப் போனார், 17 வயதில் முதல் அணியில் இறங்கினார். அவரோடு சேர்ந்து தேர்வுக்குப் போனவர் பிரெட் எமர்ட்டன். இருவரையும் லீட்ஸுக்குப் பிடித்திருந்தது. கியூவெலின் அப்பா ஆங்கிலேய வழி என்பதால் விசா கிடைத்தது. எமர்ட்டனுக்குக் கிடைக்கவில்லை, திரும்பி வந்தார். பிறகு நெதர்லாந்து வழியாகத்தான் அவர் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

அந்த பாஸ்போர்ட் கதை இன்றும் மாறவில்லை, இன்னும் கடுமையாகிவிட்டது. நெதர்லாந்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரருக்கு லீக் சராசரியைவிட ஒன்றரை மடங்கு சம்பளம் கொடுத்தாக வேண்டும். 18, 19 வயதுக்காரர் என்றால் அதில் பாதி. பெரிதாக நிரூபிக்காத பையனுக்கு அவ்வளவு கொடுக்கச் சிறிய கிளப் தயங்கும். இத்தாலியில் வெளிநாட்டவருக்கு எண்ணிக்கை வரம்பு. இங்கிலாந்தில் தேசிய அணி ஆட்டங்கள், லீக்கின் தரம், ஆடிய நிமிடங்கள் என்று புள்ளி கணக்குப் போட்டுத்தான் அனுமதி. தாத்தா இத்தாலிக்காரர் என்றால் கவலை இல்லை. பார்மாவில் ஆடும் அலெஸாண்ட்ரோ சிர்காட்டி பெர்த்தில் வளர்ந்தவர், ஆனால் பிறந்ததே இத்தாலியில். இரான்குண்டாவுக்கும் குவோலுக்கும் அப்படிப்பட்ட தாத்தா இல்லை. ஐரோப்பிய பாஸ்போர்ட் இல்லாத அகதிக் குடும்பத்துப் பிள்ளைக்கு, இளம் வயதில் விளையாட இடம் தரக்கூடிய சிறிய கிளப்புகளின் கதவு குறுகலாகவும், பெஞ்சில் உட்கார வைக்கும் பெரிய கிளப்பின் கதவு அகலமாகவும் இருப்பது இந்த அமைப்பின் விசித்திரம். ஜெர்மன் லீக்கில் வெளிநாட்டவர் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை என்பதும் பேயர்னுக்கு வசதி.

அதற்காக மெதுவாகப் போனவர்கள் இல்லாமல் இல்லை. கென்யாவின் ககுமா முகாமில் பிறந்த ஆவர் மாபில் 10 வயதில் அடிலெய்டு வந்தவர். 2015-ல் டென்மார்க்கின் மிட்ஜுலாண்டுக்குப் போனார். உடனே பிரகாசித்துவிடவில்லை, லோனில் டென்மார்க்கிலும் போர்ச்சுகலிலும் அலைந்தார். ஆனால் மிட்ஜுலாண்டுக்கு அவர் தேவைப்பட்டார், திரும்ப அழைத்து ஆட வைத்தது. 2020-ல் அதே அணியோடு சாம்பியன்ஸ் லீக் ஆடினார். 2022-ல் பெருவுக்கு எதிரான பெனால்டி ஷூட்-அவுட்டில் ஆஸ்திரேலியாவின் கடைசிப் பந்தை அடித்து நாட்டை உலகக்கோப்பைக்கு அனுப்பியதும் அவர்தான்.

போகாமலே வளர்ந்தவரும் உண்டு. பெயரைக் கேட்டாலே நம்மவர்கள் நிமிர்ந்து உட்காரும் நிஷான் வேலுப்பிள்ளை, மெல்போர்ன் விக்டரியிலேயே ஆடி, 2024 அக்டோபரில் 23 வயதில் தேசிய அணிக்கு வந்தார். சீனாவுக்கு எதிரான அறிமுக ஆட்டத்திலேயே கோல்.

வாட்ஃபோர்டு என்பது இறக்கமா?

பட்டியலில் பார்த்தால் இறக்கம். நிமிடங்களில் பார்த்தால் இல்லை. இங்கிலாந்தின் இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் 24 அணிகள், ஆளுக்கு 46 லீக் ஆட்டங்கள். ஏ-லீக்கில் வழக்கமான சீசனே 26 ஆட்டம்தான். சனிக்கிழமை, செவ்வாய்க்கிழமை என்று மூச்சுவிடாமல் வரும் அட்டவணை. முரட்டுத்தனமான லீக்தான், ஆனால் இத்தனை ஆட்டம் இருப்பதால் அணியில் எல்லோருக்கும் வேலை இருக்கும். முக்கியமாக, வாட்ஃபோர்டு அவரை முதல் அணிக்காக வாங்கியது. 2030 வரை ஒப்பந்தம் போட்டது. வளர்த்து விற்பதுதான் அந்தக் கிளப்பை நடத்தும் போஸோ குடும்பத்தின் தொழில். இத்தாலியின் உடினேசேயிலும் அவர்கள் பல ஆண்டுகள் செய்தது அதைத்தான். லாப நோக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் ஆட வைத்தால்தான் லாபம் என்ற நிலையில் இருக்கும் முதலாளி, 19 வயது வீரருக்குக் கெட்ட முதலாளி அல்ல.

பலன் சீக்கிரமே தெரிந்தது. ஆஸ்திரேலியா 2025 ஜூனில் சவுதி அரேபியாவை ஜெட்டாவில் 2-1 என்று வென்று, தொடர்ந்து ஆறாவது முறையாக உலகக்கோப்பைக்குத் தகுதி பெற்றிருந்தது. போபோவிச் இரான்குண்டாவை மறுபடி அணிக்குள் கொண்டுவந்தார். அந்த அக்டோபரில் மான்ட்ரியாலில் கனடாவுக்கு எதிராக ஆஸ்திரேலியா 1-0 என்று ஜெயித்தது. மாற்று வீரராக இறங்கி அந்த ஒரே கோலை அடித்தவர் இரான்குண்டா.

அடிலெய்டின் சின்ன கிளப்புக்கு என்ன கிடைக்கும்?

வீரர் நாடு விட்டு நாடு மாறும் ஒவ்வொரு முறையும், மாற்றுத் தொகையில் 5 சதவீதத்தை அவர் 12 முதல் 23 வயது வரை ஆடிய கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை ஆண்டுக்குக் கால் சதவீதம், அதற்குமேல் ஆண்டுக்கு அரை சதவீதம். உதாரணத்துக்கு ஒரு வீரர் 40 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டால், 13 வயதில் ஓராண்டு அவருக்குப் பந்து கொடுத்த புறநகர்க் கிளப்புக்கு 10,000 டாலர் வரும். ஆஸ்திரேலியாவில் மேல்நிலை இளையோர் அணியில் ஒரு பிள்ளையைச் சேர்க்க ஆண்டுக் கட்டணமே 2,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம். அதைக் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளை இலவசமாகச் சேர்த்துக்கொண்டால், அந்தப் பணத்தில் நான்கைந்து பேர் ஒரு சீசன் ஆடலாம்.